மூளையின் கரையும் ஒரு நண்டுவளையும்

மதுரை நகருக்கு வடக்கே ஆனையூர் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். இன்று அங்கே வீடுகளும் தெருக்களும் நெருங்கிவிட்டன. ஆனாலும் அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கண்மாயும் வயலும் எப்படியும் பேச்சில் வந்துவிடும். கண்மாய் நிறைந்து நிற்கும் நாளில் கரையை எப்படிக் காப்பது என்பது அவர்களுக்குத் தெரியும். மிகுந்து வரும் வெள்ளத்துக்கு அவர்கள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அதை வெளியேற்றக் கலுங்கு இருக்கிறது. அவர்கள் அஞ்சுவது நண்டுவளைக்கு. கரையின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே நீர் கசியும்; கசியும் நீர் மண்ணைக் கரைக்கும்; மண் கரையக் கரையத் துளை பெருக்கும். கவனிக்காமல் விட்டால் விடியற்காலையில் கரை உடைந்து கிடக்கும்.

இதைப் போன்ற கரை ஒன்று நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருக்கிறது. கரையின் ஒரு பக்கம் இரத்தம், மறு பக்கம் மூளை. இந்தக் கரையைத் துளைக்கும் நண்டும் உண்டு. அதன் பெயர் ஹோமோசிஸ்டீன். அது வெளியிலிருந்து வரும் கிருமி அன்று. நம் உடலே நாள்தோறும் செய்துகொள்ளும் ஓர் அமினோ அமிலம். கண்மாய் நண்டு கண்மாயிலேயே பிறந்து வளர்வது போலத்தான் இதுவும்.

முதலில் கரையைப் பார்ப்போம்.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மருத்துவர் விலங்குகளின் இரத்தத்தில் சாயங்களைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். சாயம் உடலெங்கும் பரவியது. ஈரல், சிறுநீரகம், தசை எல்லாம் நிறம் ஏறின. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளைக்குச் சாயத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்பு இல்லை போலும் என்று எர்லிக் எண்ணினார். நல்ல ஊகம்தான், ஆனால் தவறு. அதைக் காட்டியவர் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன். 1913-இல் அவர் டிரைபான் நீலம் என்னும் சாயத்தை இரத்தத்தில் செலுத்தாமல், மூளையைச் சூழ்ந்துள்ள நீரிலேயே செலுத்தினார். இப்போது மூளை நன்றாக நீலமானது. உடலின் மற்றப் பகுதிகள் வெளுத்தே இருந்தன. ஆக, மூளை சாயத்தை ஏற்காமல் இல்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஏதோ ஒன்று நின்று மறிக்கிறது!

அந்த 'ஏதோ ஒன்று' எது என்று கண்ணால் காண மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் அதைக் கண்டனர். மூளைக்குள் ஓடும் மெல்லிய இரத்தத் தந்துகிகளின் சுவரே அந்தக் கரை.

உடலின் மற்ற இடங்களில் தந்துகிச் சுவரின் செல்களுக்கு இடையே சிறு சந்துகள் உண்டு. அவற்றின் வழியே நீரும் உப்பும் தாராளமாகக் கசியும். மூளையிலோ அடுத்தடுத்த செல்களின் ஓரங்கள் புரதங்களால் இறுகத் தைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு பாய்களின் விளிம்பைச் சேர்த்துச் சணலால் நெருக்கித் தைத்ததைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தையலுக்கு 'இறுக்கச் சந்திப்பு' என்று பெயர். சுவருக்கு வெளிப்புறத்தில் கொலாஜன் முதலிய புரதங்களால் ஆன மெல்லிய படலம் ஒன்று, கல் பதித்த கரைக்குப் பின்னால் இருக்கும் களிமண்ணைப் போல அணைத்து நிற்கிறது. அதற்கும் அப்பால் விண்மீன் வடிவச் செல்கள் தம் பாதங்களைப் பதித்துக் காவல் காக்கின்றன. மனித மூளையின் தந்துகிகளை எல்லாம் நீட்டி ஒன்றோடொன்று முடிந்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். மதுரையில் தொடங்கிச் சென்னை போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் விழுப்புரத்தை நெருங்கிவிடலாம். அத்தனை நீளத்துக்கும் கரை!

கரை என்றால் மடை வேண்டாமா? மூளைக்குக் குளுகோஸ் வேண்டும். அமினோ அமிலங்கள் வேண்டும். இவற்றுக்கெனத் தனித்தனிப் புரத மடைகள் சுவரில் உள்ளன. நீர்பாய்ச்சி மடையைத் திறந்து அளந்து விடுவது போல, அவை வேண்டியதை வேண்டிய அளவில் உள்ளே விடுகின்றன. இந்த மடைகளிலும் தொல்லை வருவதுண்டு. பினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோயில் பினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் இரத்தத்தில் பெருகிவிடுகிறது. அதுவும் வேறு பல அமினோ அமிலங்களும் ஒரே மடை வழியாகத்தான் போயாக வேண்டும். கூட்டமாக வந்த பினைல்அலனின் மடையை அடைத்துக்கொள்ள, மற்றவை வெளியே நிற்கின்றன. குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுகிறது. நார்வே நாட்டு மருத்துவர் ஃபோலிங் 1934-இல் கண்டறிந்த நோய் இது. அங்கே அடைபடுவது மடை. நம் கதையில் துளைபடுவது கரை. இரண்டும் வேறு.

இனி ஹோமோசிஸ்டீனுக்கு வருவோம். முட்டை, மீன், பால், பருப்பு என்று நாம் உண்ணும் புரதங்களில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை ஒரு பார வண்டி என்று கொள்ளுங்கள். அதில் ஏற்றிய சரக்கு ஒரு மீதைல் தொகுதி; அதாவது ஒரு கரி அணுவும் மூன்று ஹைடிரஜன் அணுக்களும். மரபுப் பொருளான டி.என்.ஏ.வுக்கும், நரம்புகளின் உறைக்கும், இன்னும் பல வேலைகளுக்கும் இந்தச் சரக்கு தேவை. வண்டி சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக நிற்கிறது. அந்த வெறும் வண்டிதான் ஹோமோசிஸ்டீன். (நண்டு என்று தொடங்கி வண்டிக்கு வந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்; இரண்டும் வேண்டியிருக்கிறது.)

வெறும் வண்டிக்கு இரண்டு வழிகள். ஒன்று, மறுபடி சரக்கை ஏற்றிக்கொண்டு மெதியோனினாக மாறுவது. சரக்கைக் கொண்டுவந்து தருவது ஃபோலிக் அமிலம். அதை வாங்கி வண்டியில் ஏற்றும் நொதிக்குத் துணை நிற்பது வைட்டமின் பி-12. மற்றொரு வழி, வண்டியைப் பிரித்துச் சிஸ்டீன் என்ற வேறோர் அமினோ அமிலமாக ஆக்கிக்கொள்வது. இதற்கு வைட்டமின் பி-6 வேண்டும். ஏற்றும் ஆளும் பிரிக்கும் ஆளும் வேலைக்கு வந்தால் களத்தில் வெறும் வண்டி தேங்காது. ஆள் குறைந்தால்?

தேங்கும். நலமாக உள்ளவரின் பிளாஸ்மாவில், லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை ஹோமோசிஸ்டீன் இருக்கும். 15 மைக்ரோமோல் என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் மூலக்கூறு எடை 135. ஆக, லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம். சில மணல் துகள்களின் எடை! அதற்கு மேல் போனால் அதிகம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

இந்தப் பொருளை உலகுக்கு அறிமுகம் செய்தவர் அமெரிக்க வேதியியலார் வின்சென்ட் டு விக்னோ. 1932-இல் மெதியோனினை அடர் கந்தக அமிலத்தோடு சூடாக்கியபோது அவருக்கு இது கிடைத்தது. அன்று இதனை நோயோடு சேர்த்து எண்ணியவர் யாரும் இல்லை. 1962-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் மனவளர்ச்சி குன்றியவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, சிலரிடம் ஹோமோசிஸ்டீன் மிகுதியாக வெளியேறுவது தெரிந்தது. வண்டியைப் பிரிக்கும் நொதியே பிறவியில் பழுதுபட்ட குழந்தைகள் அவர்கள். இவர்களுக்குக் கண்ணின் வில்லை இடம் பெயர்ந்துவிடும். இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும்.

1969-இல் பாஸ்டன் நகரின் நோய்க்குறியியல் மருத்துவர் கில்மர் மெக்கல்லி ஒரு பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தார். 1933-இல் இறந்த எட்டு வயதுச் சிறுவனைப் பற்றியது அது. இறந்த காரணம் பக்கவாதம். எட்டு வயதில்! அவனுடைய தமனிகள் கிழவருடையவை போலத் தடித்திருந்தன. பல ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்துப் பெண் குழந்தைக்கு இந்தப் பிறவி நோய் இருப்பது தெரிந்தபோதுதான் பழைய மரணத்துக்கும் விளக்கம் கிடைத்தது. வேறு நொதி பழுதான இன்னொரு குழந்தையின் தமனிகளும் அவ்வாறே இருந்தன. இருவருக்கும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் மிகுதி ஒன்றுதான். எனவே அதுவே இரத்தக் குழாய்ச் சுவரைக் கெடுக்கிறது என்று மெக்கல்லி எழுதினார். கொலஸ்டிரால் ஒன்றே பேச்சாக இருந்த காலம்; அவர் சொன்னதை நெடுநாள் யாரும் பொருட்படுத்தவில்லை.

சரக்கு ஏற்றும் ஆட்களைக் கண்டுபிடித்த கதையில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். ஏழைத் தாய்மார்களைக் கருவுற்ற காலத்தில் கொன்றுகொண்டிருந்த ஒருவகை இரத்தசோகையின் காரணத்தைத் தேடி வந்தவர் அவர். 1929-இல் குன்னூருக்கு வந்து அங்குள்ள ஆய்வகத்தில் எலிகளுக்கும் குரங்குகளுக்கும் உணவு மாற்றி மாற்றிக் கொடுத்து ஆராய்ந்தார். 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த கோஷா மருத்துவமனையில் பணி செய்தார். இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை அதுவே. மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டார். ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள்தான் ஃபோலிக் அமிலம். 1941-இல் டெக்சாஸில் டன் கணக்கில் பசலை வகைக் கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1945-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதனைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்குப் பின்னாளில் மருந்தானவற்றுள் ஒன்று இதே ஃபோலிக் அமிலம்!

இனி நண்டு எப்படித் துளைக்கிறது என்று பார்ப்போம். ஹோமோசிஸ்டீன் மூலக்கூறின் நுனியில் கந்தகமும் ஹைடிரஜனும் சேர்ந்த ஒரு தொகுதி உண்டு. அது எளிதில் ஆக்சிஜனோடு வினைபுரியும். அப்போது துடிப்பு மிக்க ஆக்சிஜன் வகைகள் தோன்றிச் சுவர்ச் செல்களைச் சுடுகின்றன. இரத்தக் குழாயைத் தளர்த்தி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. இவ்வளவும் சுவரை நலிவாக்கும். ஆனால் துளையைப் போடுவது எம்.எம்.பி-9 என்ற நொதி. தேய்ந்த புரதத்தை அரித்து அகற்றுவது இதன் இயல்பான வேலை. காயம் ஆறும்போது இது நமக்கு நண்பன். ஹோமோசிஸ்டீன் மிகும்போது இது அளவு கடந்து விழித்துக்கொள்வதை அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எலிகளில் கண்டிருக்கிறார்கள். அது வெளிப்படலத்தின் கொலாஜனை அரிக்கிறது. சுவர்ச் செல்களைச் சேர்த்த தையலையும் பிரிக்கிறது. கரையில் களிமண்ணும் போய், கல்லின் பூச்சும் போய்விட்டால் என்ன ஆகும்?

அதைப் பார்க்க பாஸ்டன் ஆய்வாளர்கள் எர்லிக்கின் பழைய வித்தையையே கையாண்டார்கள். பிறவியிலேயே ஹோமோசிஸ்டீன் மிகும்படி மரபு மாற்றிய எலிகளின் இரத்தத்தில் இவான்ஸ் நீலம் என்ற சாயத்தைச் செலுத்தினார்கள். இந்தச் சாயம் இரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அல்புமின் பெரிய மூலக்கூறு; நல்ல கரையைத் தாண்டாது. இந்த எலிகளிலோ மூளைக்குள் நீலம் கசிந்திருந்தது. 2006-இல் இந்த முடிவு வெளியாயிற்று. 1885-இல் வெளுப்பாக இருந்து எர்லிக்கை வியக்கவைத்த அதே மூளை, இப்போது நீலமாகியதால் செய்தி சொன்னது.

கசிவதால் என்ன கேடு? இரத்தத்தில் இருக்கும்போது நல்லவையாக உள்ள புரதங்கள் நரம்புச் செல்களிடையே வந்தால் அங்கே அழற்சியை மூட்டுகின்றன. வயலில் அளவோடு பாயும் நீர் பயிர். உடைப்பில் வரும் நீர் அழிவு. அதே நீர்தான்.

எலிக்குச் சரி, மனிதருக்கு? இங்கே நிதானமாகப் பேச வேண்டும். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊரில் நினைவு கெடாத 1,092 முதியவர்களை எட்டு ஆண்டுகளளவு தொடர்ந்து கவனித்தனர். ஹோமோசிஸ்டீன் 14 மைக்ரோமோலுக்கு மேல் இருந்தவர்களுக்கு அல்சைமர் என்னும் நினைவிழப்பு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. 2002-இல் வெளிவந்த இந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் டாக்டர் சுதா சேஷாத்ரி. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அடுத்து, 2010-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், இலேசான மறதி தொடங்கியிருந்த முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று பி வைட்டமின்களையும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையையும் இரண்டு ஆண்டுகள் கொடுத்தனர். வெறும் மாத்திரை உண்டவர்களின் மூளை ஆண்டுக்கு 1.08 விழுக்காடு சுருங்கியது. வைட்டமின் உண்டவர்களுக்கு 0.76 விழுக்காடு.

ஆனால் இதே வைட்டமின்களால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் நடத்திய பெரிய சோதனைகள் 2006-இல் ஏமாற்றத்தில் முடிந்தன. ஹோமோசிஸ்டீன் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. ஆகையால் எலியின் மூளையில் கண்ட கசிவை அப்படியே மனிதனின் மறதிக்குக் காரணமாக எழுதிவிட முடியாது. கரை முன்பே நலிந்ததால் நண்டு வந்ததா, நண்டு வந்ததால் கரை நலிந்ததா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் இன்னும் அலசிக்கொண்டிருக்கிறார்கள்.

பி-12 குறைந்தால் நரம்புக்குக் கேடு என்பதில் மட்டும் ஐயமே இல்லை. காலில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி எல்லாம் வரும். அந்தக் குறை நம் நாட்டில் மிகுதி. புனே நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடுவயது ஆண்கள் 441 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 67 விழுக்காட்டினருக்குப் பி-12 குறைவு. 58 விழுக்காட்டினருக்கு ஹோமோசிஸ்டீன் அதிகம். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பி-12-ஐச் செய்வது சில நுண்ணுயிர்கள் மட்டுமே. அது விலங்குகளின் உடல் வழியாக நமக்கு வருகிறது. முட்டை, மீன், ஈரல், பால், தயிர் ஆகியவற்றில் உண்டு. கீரையிலும் பருப்பிலும் அரிசியிலும் இல்லை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஐந்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! ஆயினும் டீயில் கலக்கும் இரண்டு கரண்டிப் பாலில் அது கிடைத்துவிடாது. இரண்டு டம்ளர் பாலோ அதற்கு ஈடான தயிரோ வேண்டும்.

ஃபோலிக் அமிலம் நம் ஊரில் எளிது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் அது நீரில் கரையும். நெடுநேரச் சூட்டில் அழியும். கீரையைக் குழைய வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகிற வீட்டில் கீரை இருக்கும், ஃபோலிக் அமிலம் குறைந்திருக்கும்.

உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பத்தாவோ இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வயதாக ஆக இரைப்பையில் அமிலம் குறையும். உணவிலுள்ள பி-12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். நீரிழிவுக்குப் பல்லாண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை உண்பவர்களுக்கும் பி-12 உறிஞ்சப்படுவது குறையக்கூடும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் பி-12 சோதனை பற்றிக் கேட்டால் போதும். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று நாம் தள்ளிவிடும் சில மறதிகள், ஊசி மருந்தில் தீரக்கூடியவையாக இருக்கலாம். கடையில் நாமாக ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. பி-12 குறைந்தவருக்கு அது சோகையை மட்டும் சரிசெய்து காட்டும். சோகை மறைந்துவிட்டதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

ஹோமோசிஸ்டீனை அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. எடுத்த இரத்தத்தை அப்படியே குழாயில் வைத்திருந்தால் அதிலுள்ள சிவப்பணுக்கள் வேலையை நிறுத்துவதில்லை. அவை ஹோமோசிஸ்டீனைச் செய்து பிளாஸ்மாவுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடும். ஆனையூரில் காலையில் எடுத்த இரத்தம் வைகாசி வெயிலில் மோட்டார் சைக்கிள் பையில் ஊர் சுற்றி, மத்தியானம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், 12 இருந்தவருக்கு 17 என்று சீட்டு வரும். ஆகவே எடுத்தவுடன் குழாயை ஐஸில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைத் தனியே பிரித்துவிட வேண்டும்.